கை நடுங்கினால் குடிகாரனா?

இருபது வயதுப் பையன் ஒருவனுக்குக் கை நடுங்குகிறது. அறுந்த நூலைப் பிடித்து இணைக்க முடியவில்லை. பேச்சு குழறுகிறது. கடைவாயில் எச்சில் ஒழுகுகிறது. மில் மேஸ்திரி என்ன சொல்கிறார்? "குடித்துவிட்டு வந்திருக்கிறான், வெளியே அனுப்பு" என்கிறார். இதே பையன் கிராமத்தில் வரப்பின் மீது நடக்கும்போது தடுமாறி விழுகிறான். காரணமில்லாமல் அழுகிறான், சிரிக்கிறான். ஊர் என்ன சொல்கிறது? "பேய் பிடித்திருக்கிறது, கோடாங்கியிடம் கூட்டிப் போ" என்கிறது. மில்லிலே குடிகாரன், ஊரிலே பேய் பிடித்தவன்! இரண்டில் எந்தப் பட்டம் கிடைத்தாலும் வேலை போயிற்று, கல்யாணம் போயிற்று, மனிதன் என்ற மரியாதையும் போயிற்று.

அவன் குடிக்கவில்லை. அவனைப் பேயும் பிடிக்கவில்லை. அவனுடைய ஈரலிலும் மூளையிலும் செம்பு சேர்ந்திருக்கக் கூடும். ஆம், பாத்திரம் செய்கிற அதே செம்புதான்! இதற்கு வில்ஸன் வியாதி என்று பெயர். பிறவியிலேயே வருகிற வியாதிகளில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து கிடையாது. இதற்கு உண்டு. காலத்தில் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் பையன் நெடுங்காலம் வாழ்வான், உழைப்பான், குடும்பம் நடத்துவான். கண்டுபிடிக்காமல் விட்டால் படுக்கையில் விழுந்து சாவான். இடைப்பட்ட நிலை என்று ஒன்று அதிக நாள் இருப்பதில்லை.

தோழர்கள் சிலர் கேட்கக் கூடும்: "கூலி உயர்வு இருக்கிறது, போனஸ் இருக்கிறது, மனைப் பட்டா இருக்கிறது. முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வருகிற வியாதிக்கு நம் பத்திரிகையில் ஏன் இத்தனை இடம்?" கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2011-ம் வருஷத்து மக்கள் தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர். முப்பதாயிரத்தில் ஒருவர் என்றால் சுமார் 2,400 பேர் ஆகிறது. இந்த 2,400 பேரும் ஒரே மில்லில் வேலை செய்தால் சங்கம் வைப்பார்கள், வாயிற்கூட்டம் போடுவார்கள், மறியல் செய்வார்கள். ஊருக்கு ஒருவராக, திண்ணையில் சுருண்டு கிடக்கிற இவர்களுக்கு யார் கொடி பிடிப்பது? மேலும், நெருங்கிய சொந்தத்தில் பெண் எடுக்கும் சமூகங்களில் இப்படிப்பட்ட பரம்பரை வியாதிகள் கூடுதலாகவே தலைகாட்டும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற வழக்கம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை.

செம்பு எப்படி மூளைக்குப் போகிறது?

நாம் தின்கிற தானியத்திலும் பருப்பிலும் செம்பு இருக்கிறது. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் உள்ளே போகிறது. உடம்புக்குக் கொஞ்சம் தேவை. மிச்சத்தை ஈரல் பித்த நீரில் கலந்து குடலுக்குத் தள்ளி, மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. இந்தத் தள்ளும் வேலையைச் செய்ய ஈரலில் ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்துக்கான ஜீன், தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் இரண்டு பக்கமும் பழுதாகவே குழந்தைக்கு வந்து சேர்ந்தால் வேலை நின்றுவிடும். (இந்த ஜீனை விஞ்ஞானிகள் 1993-ல் கண்டுபிடித்தார்கள், ஏடிபி7பி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.) தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரு பக்கம் மட்டுமே பழுது, ஆகவே அவர்களுக்கு வியாதி இராது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம்.

மில்லில் கழிவுப் பஞ்சு அள்ளுகிற ஆளை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? முதலில் மூலையில் குவியும். பிறகு நடைபாதையில் பரவும். கடைசியில் மிஷினுக்குள் புகுந்து சிக்கும். செம்பும் அப்படித்தான். முதலில் ஈரலில் குவிகிறது. சில பிள்ளைகளுக்கு பத்துப் பன்னிரண்டு வயதிலேயே காமாலை, வயிற்று வீக்கம் என்று காட்டிவிடும். ஈரல் கொள்ளாதபோது செம்பு ரத்தத்தில் வழிந்து மூளையை அடைகிறது. மூளையின் ஆழத்தில் நம் அசைவுகளை அளந்து நடத்துகிற பகுதிகள் இருக்கின்றன. அங்கேதான் அது அதிக நாசம் செய்கிறது. பெரும்பாலும் வாலிபப் பருவத்தில், வேலைக்குப் போகத் தொடங்குகிற வயதில்!

கை நடுங்கும்; நீட்டிய கை பறவை சிறகடிப்பது போல அடித்துக்கொள்ளும். கையெழுத்துக் கெடும். நாக்கு தடிக்கும், விழுங்குவது சிரமம் ஆகும். கழுத்தும் காலும் தாமாகவே முறுக்கிக்கொள்ளும். முகத் தசை இறுகி, சிரிக்காதபோதும் சிரிப்பது போல வாய் திறந்தே இருக்கும். பார்க்கிறவன் "பரிகாசம் செய்கிறான்" என்று அடிக்க வருவான். இன்னும் சிலருக்கு முதலில் மனமே தடுமாறும்: கோபம், சோர்வு, படிப்பில் சரிவு. இத்தனைக்கும் நடுவில் பெரும்பாலோருக்குப் புத்தி ஏறத்தாழத் தெளிவாகவே இருக்கிறது என்பதுதான் கொடுமை. தன்னைக் குடிகாரன் என்று சொல்வது அவனுக்குக் கேட்கிறது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் கண் சாட்சி சொல்லும்! கருவிழியின் ஓரத்தில் செம்பு படிந்து பழுப்பும் பச்சையும் கலந்த வளையம் ஒன்று உண்டாகிறது. கைஸர், ஃபிளைஷர் என்ற இரண்டு ஜெர்மன் வைத்தியர்கள் 1902-லும் 1903-லும் இதை எழுதி வைத்தார்கள். நரம்பு பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த வளையம் இருக்கும். கண் ஆஸ்பத்திரியில், தாடையை வைத்து உட்கார்ந்து வெளிச்சக் கீற்றில் பார்க்கிற சாதாரணக் கருவி போதும்; ஐந்து நிமிஷத்து வேலை. பிறகு ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் எவ்வளவு என்றும், இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரில் செம்பு எவ்வளவு என்றும் பார்த்து உறுதி செய்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். செம்புப் பாத்திரத்தில் இரவெல்லாம் தண்ணீர் வைத்துக் குடித்தால் சகல வியாதியும் போகும் என்று செல்போனில் செய்தி பரப்புகிற பண்டிதர்கள் பெருகிவிட்டார்கள். வில்ஸன் வியாதிக்காரருக்கு அந்தத் தண்ணீர் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். ஆட்டு ஈரலும் நண்டும் இறாலும் கூட அவர்களுக்கு ஆகாது.

மருந்து கண்டவர்கள் யார், விலை வைத்தவர்கள் யார்?

1912-ல் லண்டன் நரம்பு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்த கின்னியர் வில்ஸன் என்ற வைத்தியர் இந்த வியாதியை விரிவாக எழுதினார். ஈரலும் மூளையும் சேர்ந்து கெடுவதைக் கண்டார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. செம்புதான் குற்றவாளி என்று 1948-ல் ஜான் கமிங்ஸ் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளர் இறந்தவர்களின் மூளையையும் ஈரலையும் சோதித்துக் காட்டினார். இரண்டாம் உலக யுத்தத்தில் விஷ வாயுவுக்கு மாற்றாகத் தயாரித்த மருந்து ஒன்றை 1951-ல் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். செம்பு வெளியேறியது. ஆனால் அந்த ஊசியின் வலியைத் தாங்குவது கஷ்டம்; ஆயுள் முழுதும் அதைப் போட முடியாது.

அப்புறம் வந்தார் ஜான் வால்ஷ். பென்ஸிலின் சாப்பிட்ட நோயாளிகளின் சிறுநீரில், பென்ஸிலின் உடைந்து உண்டாகும் ஒரு பொருளை இவர் முன்பே பார்த்திருந்தார். பெனிசிலமின் என்பது அதன் பெயர். 1955-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு வில்ஸன் வியாதிக்காரரைப் பார்த்தபோது, இந்தப் பொருள் செம்பைக் கவ்விக்கொண்டு வெளியேறக் கூடுமே என்று அவருக்குத் தோன்றியது. நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் தாமே விழுங்கிப் பார்த்தார்! 1956-ல் உலகத்துக்கு அறிவித்தார். வாயால் சாப்பிடக்கூடிய முதல் மருந்து அது. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. சிறுநீரகமும் ரத்தமும் கெட்டன. அவர்களுக்காகக் கேம்பிரிட்ஜில் டிரையன்டின் என்ற இரண்டாவது மருந்தையும் வால்ஷ் கொண்டு வந்தார்; 1969-ல் முதல் நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. இதன் மூலப்பொருள் ஏதோ தங்கப் பஸ்பம் அல்ல, பிசின் இறுகுவதற்காகத் தொழிற்சாலைகளில் பயன்படுத்துகிற ரசாயனச் சரக்குதான். வால்ஷ் 102 வயது வரை வாழ்ந்து 2022-ல் காலமானார்.

இனி விலைக்கு வருவோம்.

டிரையன்டின் 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, ஸைப்ரின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொரு கம்பெனிக்குக் கைமாறி, 2010-ல் வேலியன்ட் என்ற கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் நூறு மாத்திரை 652 டாலர். 2015-ல் அதே நூறு மாத்திரை 21,267 டாலர்! முப்பத்திரண்டு மடங்குக்கு மேல்! அன்றைய நாணய மாற்றில் பதின்மூன்று லட்சம் ரூபாய்க்கு அதிகம். பெரியவர் ஒருவருக்கு நூறு மாத்திரை ஒரு மாதத்துக்குக் கூடச் சரியாக வராது. பெனிசிலமினையும் விட்டுவைக்கவில்லை. குப்ரிமின் என்ற பெயரில் விற்ற அதன் விலையை 888 டாலரிலிருந்து 26,189 டாலருக்கு ஏற்றினார்கள்.

மருந்தில் என்ன மாற்றம் செய்தார்கள்? ஒன்றும் இல்லை. புதிதாக என்ன ஆராய்ச்சி செய்தார்கள்? ஒன்றும் இல்லை. பழைய சரக்கு, பழைய டப்பா, புதிய விலைச் சீட்டு! சாப்பிடாவிட்டால் சாவு என்று இருப்பவனிடம் பேரம் பேச வேண்டிய அவசியம் இல்லை அல்லவா? கந்துவட்டிக்காரன் கூட வீட்டில் பிணம் கிடந்தால் ஒரு நாள் தள்ளி வருவான்.

2016 ஏப்ரலில் அமெரிக்க செனட் கமிட்டி இந்தக் கம்பெனியின் தலைவர் மைக்கேல் பியர்ஸனைக் கூப்பிட்டு விசாரித்தது. இப்படி விலையேற்றியதற்காக வருந்துவதாக அவர் சொன்னார். வருத்தம் வந்தது, விலை பழைய இடத்துக்கு வரவில்லை. "போட்டி வரட்டும், விலை தானே இறங்கும்" என்று முதலாளித்துவப் பொருளாதாரப் புலிகள் உபதேசம் செய்தார்கள். போட்டியும் வந்தது. 2018-ல் டேவா என்ற கம்பெனி அதே மருந்தை வேறு பெயரில் இறக்கியது. விலை என்ன தெரியுமா? நூறு மாத்திரை 18,375 டாலர்! திருடர்கள் இரண்டு பேரானால் பறிகொடுப்பவனுக்கு என்ன லாபம்?

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இது காப்புரிமைச் சண்டை கூட அல்ல. இந்த மருந்துகளின் காப்புரிமைக் காலம் எப்போதோ தீர்ந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். ஆனால் வாங்குகிறவர்கள் சில ஆயிரம் பேரே என்பதால் வேறு முதலாளி எவனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆக, நோயாளிகள் குறைவு என்பதே கொள்ளைக்கு வாசல் ஆயிற்று. கூட்டம் அதிகமுள்ள வியாதிக்கு மருந்து விற்றால் லாபம். கூட்டம் குறைந்த வியாதிக்கு விலையை ஏற்றினால் லாபம். இரண்டு பக்கமும் கூர்!

நம் நாட்டில் அந்த விலை இல்லை, உண்மை. இங்கே பெனிசிலமினைத் தயாரிக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. குடலில் செம்பு ஏறாமல் தடுக்கிற துத்தநாக உப்பும் மலிவாகக் கிடைக்கிறது, பலருக்கு அதையே கொடுக்கிறார்கள். ஆனால் தாலுகா ஊர் மருந்துக் கடையில் பெனிசிலமின் கேட்டுப் பாருங்கள். "ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும்" என்பார்கள். வருகிற வரையில் என்ன செய்வது? இந்த மருந்தை இஷ்டப்படி நிறுத்தக் கூடாது. நன்றாக இருந்தவர்கள் மருந்தை விட்ட சில மாதங்களில் அல்லது சில வருஷங்களில் ஈரல் கெட்டு இறந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பெனிசிலமின் இருக்கிறது. பட்டியலில் இருந்தால் போதுமா? அலமாரியில் இருக்க வேண்டாமா?

லாபத்தைப் பார்க்காமல் மருந்து செய்வதற்கென்றே நமக்குப் பொதுத்துறை ஆலைகள் இருந்தன. 1954-ல் பிம்ப்ரியில் பென்ஸிலின் தொழிற்சாலை வந்தது. 1961-ல் சோவியத் நாட்டின் உதவியோடு ஐ.டி.பி.எல். ஆரம்பிக்கப்பட்டது, ரிஷிகேசத்திலும் ஹைதராபாத்திலும் மருந்தாலைகள், சென்னையில் அறுவைக் கருவித் தொழிற்சாலை. பன்னாட்டுக் கம்பெனிகளின் பிடியைத் தளர்த்தியதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஐ.டி.பி.எல்.லை மூடிவிட 2016 டிசம்பரில் மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. நஷ்டமாம்! சில ஆயிரம் பேருக்கு மட்டும் தேவையான மருந்தை எந்தக் காலத்திலும் லாபத்தில் தயாரிக்க முடியாது. அதற்காகத்தானே சர்க்கார் ஆலை?

எங்கள் வட்டாரத்து மில் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்த பையன், பத்தொன்பது வயது. கை நடுங்கி நூல் இணைக்க முடியாமல் போனதும் மேஸ்திரி வாயை மோந்து பார்த்தார். வாடை இல்லை. "கஞ்சாவாக இருக்கும்" என்று எழுதி வெளியே அனுப்பிவிட்டார்கள். பயிற்சித் தொழிலாளி என்பதால் விசாரணை கிடையாது, நோட்டீஸ் கிடையாது. வீட்டில் இரண்டு தடவை மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், ஆட்டுக் கிடா விற்றார்கள். எட்டு மாதம் போயிற்று. ஊரில் நடந்த இலவசக் கண் முகாமுக்குப் பாட்டியைக் கூட்டி வந்தவனை, அங்கிருந்த பெண் டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்தார். வளையம் இருந்தது. மூத்தவள் ஒருத்தி பதினாலு வயதில் "மஞ்சக் காமாலை"யில் இறந்துபோனது அப்புறம்தான் பேச்சில் வெளிவந்தது. அவள் கண்ணை யாரும் பார்க்கவில்லை.

மருந்து ஆரம்பித்த முதல் வாரங்களில் பையனுக்கு நடுக்கம் அதிகமாயிற்று. இது சிலருக்கு ஏற்படக் கூடியதுதான்; அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுகிறார்கள். ஆனால் வீட்டாருக்கு இதை முன்கூட்டிச் சொல்ல டாக்டருக்கு நேரம் இல்லை. "இங்கிலீஷ் மருந்தால் இன்னும் கெட்டுவிட்டது" என்று மறுபடி கோடாங்கியிடம் கிளம்பினார்கள். சங்கத் தோழர்கள் இரண்டு பேர் போய் உட்கார்ந்து பேசித்தான் தடுக்க வேண்டியிருந்தது. ஒன்றரை வருஷத்தில் அவன் தன் கையால் சாப்பிடுகிறான், கையெழுத்துப் போடுகிறான். பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. இனி திரும்புமா என்று டாக்டரும் உறுதி சொல்லவில்லை. எட்டு மாதம் முன்னாலேயே பார்த்திருந்தால்? வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பயிற்சித் தொழிலாளி மீது தாவாவே எழாது என்கிறது நிர்வாகம்.

2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டம் நாட்பட்ட நரம்பு வியாதிகளையும் ஏற்றுக்கொள்கிறது. வேலையில் இருக்கும்போது உடல் குறை ஏற்பட்டால் நீக்கக் கூடாது என்றும் சொல்கிறது. யாருக்கு? அரசு நிறுவனத்தில் இருப்பவனுக்கு! தனியார் மில் வாசலில் வந்ததும் அந்தப் பிரிவுக்கு வாய் அடைத்துவிடுகிறது. இந்தப் பாதுகாப்பு மில் தொழிலாளிக்கும் வேண்டும். பயிற்சி, ஒப்பந்தம் என்று எந்தப் பெயர் வைத்தாலும் சரி.

விவசாயத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ.யும் கிடையாது. மாதா மாதம் மருந்து வாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ் சார்ஜும் போயிற்று, அன்றைய கூலியும் போயிற்று, துணைக்கு வருகிற தாயின் கூலியும் போயிற்று. இந்தக் கணக்கில்தான் மருந்து நிற்கிறது, நோயாளியின் சோம்பலால் அல்ல. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் திட்டத்தை 2021-ல் மாநில அரசு தொடங்கியபோது, அது முடியும் என்று தெரிந்துவிட்டது. ஆயிரக்கணக்கானோருக்கு முடிந்தது, ஊருக்கு ஒருவருக்கு முடியாதா? 1994-ல் அமைத்த மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுதுக்கும் மொத்தமாக மருந்து வாங்குகிறது. பெனிசிலமினும் துத்தநாக மாத்திரையும் அந்த வழியே மாவட்டந்தோறும் வந்து, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கிடைக்க வேண்டும். செருலோபிளாஸ்மின் பரிசோதனை மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலேயே இலவசமாக நடக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு வியாதி என்று தெரிந்தால் அண்ணன் தம்பி அக்காள் தங்கை அத்தனை பேரையும் சோதிப்பது ஆஸ்பத்திரியின் கடமை என்று ஆக்க வேண்டும். அறிகுறி தோன்றுமுன் மருந்து தொடங்கினால் மூளைக்குச் சேதமே வராமல் காக்க முடியும்.

அது வரையில் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஷிப்டில், உங்கள் தெருவில், உங்கள் நடவுக் கூட்டத்தில் முப்பது முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட யாருக்காவது கை நடுக்கமோ பேச்சுக் குழறலோ புதிதாக வந்திருந்தால் அரசு ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கருவிழி வளையம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் பெயர் சொல்லியே கேளுங்கள். குடும்பத்தில் சிறு வயதிலேயே காமாலையில் இறந்தவர் உண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால், எந்த ஊரில் எத்தனை நாள் மருந்து கிடைக்காமல் போயிற்று என்று தேதியோடு எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். கலெக்டரிடம் மனுக் கொடுக்கும்போது அந்தத் தேதிகள் கையில் இருக்க வேண்டும்.